பாதிக் கொக்கு

உங்களுக்கு இந்த வியாதி இருக்கிறதா தெரியவில்லை, எனக்கு உண்டு. எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் சட்டையின் முன்பக்கத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. உள்பக்கம் புரட்டி, கழுத்துப் பட்டையைத் தடவி, தோள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பேன். கடைக்காரப் பெண்கள் நான் மூட்டைப்பூச்சி தேடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மகள் கவிதா நாலு எட்டு தள்ளிப் போய், இந்த அம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற முகத்தோடு போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போன மாதம் அவள்தான் என்னை ரவாங்கில் ஒரு பண்டல் கடைக்கு இழுத்துப் போனாள். வெளிநாட்டில் யாரோ உடுத்திக் கழித்த துணிகளை மூட்டை மூட்டையாக வரவழைத்து விற்கிற கடை. எங்கள் காலத்தில் பிறத்தியார் போட்ட துணியைப் போடுவது கௌரவக் குறைச்சல். இப்போது அதற்குத்தான் மவுசு. உள்ளே நுழைந்ததுமே பாச்சை உருண்டையும் ஈரச் சாக்கும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. நான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கவிதா ஒரு சட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ம்மா, இத பாருங்க. எய்ட்டீஸ் சட்டை, ஒரிஜினல் லா. நெட்ல இதுக்கு அடிச்சிக்கிறாங்க."

கழுத்துப் பட்டை வைத்த பருத்திச் சட்டை. வெளிறிய நீலம். இடது மார்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக்காலில் நின்றிருந்தது. வழக்கம்போல உள்பக்கம் புரட்டினேன். மலேசியாவில் செய்தது என்று போட்டிருந்தது. கவிதா பதறப் பதற, கடை என்றும் பாராமல் சட்டையை மூக்கில் வைத்து முகர்ந்தேன்.

நான் தேடிய வாசம் அதில் இல்லை. புதுத் துணியின் கஞ்சி, தையல் மெஷின் எண்ணெய், இஸ்திரி போடும் மூலையிலிருந்து வரும் சூட்டு ஆவி, இவற்றோடு யாரோ மேசைக்கு அடியில் ஒளித்து வைத்த நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றின் சம்பல். எண்பத்து மூன்றில் கோலா சிலாங்கூர் பக்கத்துச் சட்டை பேக்டரியில் கால் வைத்த முதல் நாள் என்னைத் தாக்கிய வாசம் அது. அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த வேலை வாசமெல்லாம் ரப்பர் பாலின் புளித்த வாடைதான். எங்கள் தோட்டத்தில் அப்போது ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பால்மரத்துக்கு வேண்டிய அளவு பெண்கள் செம்பனைக்கு வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் வீட்டில் சும்மா இருந்த என்னை, பக்கத்து வீட்டுத் தவமணிதான் பேக்டரி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

தவமணி என்னைவிட இரண்டு வயது பெரியவள். அக்கா என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருவாள். தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அதில் ஒரு பலகை விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசல் வழியாகத்தான் எங்களுக்குள் சீப்பு, பவுடர், வீட்டுச் சண்டையின் மறுநாள் விளக்கம் எல்லாம் போய்வரும். பேக்டரியில் அவளுக்குக் கழுத்துப் பட்டை தைக்கிற வேலை. ஒரு சட்டையில் அதுதான் கஷ்டமான இடம். கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் பட்டை ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அவள் தைத்ததில் ஒன்றுகூடக் கோணி நான் பார்த்ததில்லை.

எனக்குக் கொடுத்தது கொக்கு. எங்கள் தையல் லைனில் கொக்கு தைக்க என்னோடு மூன்று பேர். சுருள் சுருளாக நெய்து வரும் கொக்குகளை ஒவ்வொன்றாக வெட்டி, சட்டையின் இடது மார்பில் வைத்து நாலு பக்கமும் தைக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். செய்து பாருங்கள். அரை நூல் சாய்ந்தாலும் கொக்கு கள்ளுக்கடையிலிருந்து வருகிற மாதிரி நிற்கும். முதல் வாரம் நான் தைத்த கொக்குகளில் பாதி அப்படித்தான் நின்றன.

அமெரிக்காவில் அந்தக் கம்பெனி அப்போதுதான் தலை தூக்கிக்கொண்டிருந்தது. அதன் முதலாளிகளில் ஒருவரோ, முதலாளிக்கு வேண்டியவரோ, ஒரு வெள்ளைக்காரர் ஆர்டர் கொடுக்க வருவார். முதல் தடவை அவர் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் வந்து இறங்கினார். நம் ஊர் வெயிலில் முகம் பழுத்த பப்பாளியாகச் சிவந்துவிடும். தோட்டத்து வழக்கப்படி வெள்ளைக்காரர் என்றால் துரை. ஆகவே அவர் எங்களுக்குப் பப்பாளித் துரை. நல்ல மனுஷன். மெஷின் மெஷினாக நின்று "குட், குட்" என்பார். அவரிடம் குட் வாங்காத பெண்ணே லைனில் கிடையாது என்பதால் அதற்கு யாரும் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை.

அவர் கொண்டுவந்த படப் புத்தகம் கேண்டீனில் கிடக்கும். எங்கள் சட்டையை அமெரிக்காக்காரர்கள் போட்டுக்கொண்டிருக்கிற படங்கள். ஒருத்தன் படகில் சாய்ந்திருப்பான். ஒருத்தி நாயோடு புல்லில் உட்கார்ந்திருப்பாள். நாலு பேர் வேலியில் சாய்ந்து சிரிப்பார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் வேலை செய்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. இது என்ன சட்டை என்று தவமணி மேனேஜரிடமே கேட்டுவிட்டாள். மேனேஜர் சீனர், மலாயில் விளக்கினார். ஆபீசுக்கும் இல்லையாம், கல்யாணத்துக்கும் இல்லையாம், ஓய்வாக இருக்கும்போது போடுவதாம்.

"அப்படின்னா சும்மா இருக்கிறதுக்குன்னு ஒரு சட்டையா?" என்றாள் தவமணி. "எங்கப்பா சும்மா இருந்தா சட்டையே போட மாட்டாரே!"

எங்களுக்குத் தெரிந்தது இரண்டே வகைத் துணி. ஒன்று தோட்டக்காட்டு வேலைக்கு, இன்னொன்று கோயிலுக்கு. நடுவில் ஒரு வாழ்க்கை இருப்பதும் அதற்கு ஒரு சட்டை இருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து லைனில் அதற்குப் பெயர் சும்மா சட்டை. சுங்கை பஞ்சாங்கிலிருந்து வருகிற ரோஹானிகூட, தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவள், "சும்மா, சும்மா" என்று சொல்லிக்கொண்டே ஓரத்துக்கு ஓவர்லாக் தையல் அடிப்பாள்.

அந்தச் சும்மா சட்டை வளர்ந்த வேகம் இருக்கிறதே! கேண்டீன் சுவரில் பப்பாளித் துரை அமெரிக்காவின் வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தார். கடை இருக்கிற ஊரிலெல்லாம் ஒரு சிவப்பு ஊசி. முதல் வருடம் ஊசிகளை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே எண்ணிவிடுவோம். அடுத்த வருடம் எண்ணத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அதற்கடுத்த வருடம் கடலோரமெல்லாம் வெல்லத்தில் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. சட்டை மட்டும் என்றிருந்தது கால்சட்டை, குளிர்ச்சட்டை, குழந்தைச் சட்டை என்று பெருகியது. ஒரு லைன் நாலானது, நாலு எட்டானது. பஸ் சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் போய்ப் பெண்களை ஏற்றி வந்தது. பப்பாளித் துரையும் இப்போது பெட்டியைத் தானே தூக்குவதில்லை, அதற்கு ஆள் வந்தது. எங்களுக்கும் பெருமை பிடிபடவில்லை. அமெரிக்காவையே நாங்கள்தான் உடுத்திவிடுகிறோம் என்று லயத்தில் பேச்சு.

லயத்தையும் நாங்கள்தான் உடுத்திவிட்டோம், அது வேறு கதை. தீபாவளிக்கும் ஹரிராயா பெருநாளுக்கும் முன்னால் பேக்டரியில் ரிஜெக்ட் விற்பனை நடக்கும். சாயம் திட்டுத் திட்டாக ஏறியது, கை ஒன்று நீளமானது, இப்படிப்பட்ட சட்டைகளை வேலைக்காரர்களுக்கு மலிவாகக் கொடுப்பார்கள். கொடுக்கும்முன் ஒரு சடங்கு உண்டு. கத்தரியால் மார்பிலிருக்கும் கொக்கின் மேல்பாதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். முழுக் கொக்கு கேட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். சந்தையில் யாராவது நல்ல சட்டை என்று விற்றுவிட்டால் கம்பெனி பெயர் கெட்டுவிடுமாம். ஆகவே எங்கள் தோட்டத்தில் எல்லோர் நெஞ்சிலும் வயிறும் ஒற்றைக்காலும் மட்டுமே உள்ள கொக்கு. அமெரிக்காக்காரன் படகில் சாய்ந்துகொண்டு போடுகிற சட்டையில் எங்கள் ஆட்கள் செம்பனைக்குலை வெட்டினார்கள், உரம் போட்டார்கள், வேலை வாங்கும் மண்டோரிடம் திட்டு வாங்கினார்கள். சும்மா இருக்க மட்டும் யாரும் அதைப் போட்டதாக எனக்கு நினைவில்லை.

இனிதான் என் புத்தி கெட்ட கதை. எண்பத்து ஆறாம் வருடம். அதற்குள் தவமணி எங்கள் லைனுக்கு லீடர் ஆகியிருந்தாள். தை மாதம் ஒன்பதாவது லைன் தொடங்கும்போது அவள்தான் சூப்பர்வைசர் என்று மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு அந்த வேலை அதுவரை கிடைத்ததில்லை. ஆனால் தவமணிக்கு அந்தப் பெருமையைவிட முக்கியமான ஒன்று இருந்தது. சூப்பர்வைசர்களுக்குப் பேக்டரியின் பின்னால் நாலு கல் வீடுகள் கட்டியிருந்தார்கள். அவளுடைய அப்பாவுக்கு வேலை முடிகிற வயது வந்துவிட்டது. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் அம்மாவுக்கு நடக்க முடியாது. போக்கிடமென்று பார்த்தால் தெலுக் இந்தானில் ஒரு சித்தப்பா வீடு, அங்கேயும் ஏற்கெனவே ஆள் நிறைய. பலகை விரிசல் வழியாக அவள் அந்தக் கல் வீட்டைப் பற்றியே பேசுவாள். குழாயைத் திருகினால் சமையலறையிலேயே தண்ணீர் வருமாம். அம்மாவுக்குப் படி ஏறுகிற வேலை இல்லையாம்.

எனக்கு அந்தச் சமயத்தில் வேறு கவலை. எங்கள் தோட்டத்துப் பந்து விளையாட்டுக் குழுவின் கோல்கீப்பர் சேகர்மேல் எனக்கு ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும்தான். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை கோலா சிலாங்கூர்த் திடலில் டவுன் குழுவோடு ஆட்டம். அந்த வருட ரிஜெக்டில் சாயம் மாறிப்போன அரக்குச் சிவப்புச் சட்டைகள் நிறைய வந்தன. பதினொன்று வாங்கிக் குழுவுக்கு ஒரே மாதிரி உடுப்பாக்கிவிட்டார்கள். ஒரு நாள் பஸ் நிற்கும் இடத்தில் சேகர் என்னிடம் வந்து நின்றார். முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"டவுன் பையனுங்க தலையில்லாத கொக்குன்னு கிண்டல் பண்றானுங்க. நீதானே கொக்கு தைக்கிற? முழுசா பதினொண்ணு கிடைக்குமா?"

கேட்டது கொக்கு. கிடைத்தது என் மூளை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நெசவில் கெட்டுப்போன கொக்குகள் தினமும் நாலைந்து வரும். ஏதாவதொரு நூல் விட்டிருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவற்றை லீடர் கண் முன்னால் இரண்டாக வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். வெட்டியதைப் பார்த்தேன் என்று லீடர் கையெழுத்துப் போடுவாள். தவமணி என்னிடம் மட்டும் பார்ப்பதில்லை. "வெட்டிட்டியா?" என்பாள், "வெட்டிட்டேன்" என்பேன், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவாள். அந்த இரண்டு வாரமும் நான் தினமும் ஒன்றை வெட்டாமல் சோற்றுக் காரியரின் அடித்தட்டில் போட்டுக்கொண்டேன். ரோஹானி ஒரு நாள் பார்த்துவிட்டாள். "ஜாங்கான் மாயின்-மாயின் லா," விளையாடாதே என்று மலாயில் எச்சரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டில் வைத்துப் பதினொரு சட்டைகளிலும் பாதிக் கொக்கைப் பிரித்துவிட்டு முழுக் கொக்கைக் கையாலேயே தைத்தேன். தவமணி விரிசலில் எட்டிப் பார்த்து என்ன தைக்கிறாய் என்று கேட்டபோது அண்ணனுக்குப் பொத்தான் என்றேன். சேகரின் சட்டைக்கு மட்டும் இரட்டை நூல். இப்போது எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை திடலில் எங்கள் பையன்கள் இறங்கியபோது பார்க்க வேண்டுமே! பதினொரு அரக்குச் சிவப்பு, பதினொரு முழுக் கொக்கு. டவுன்காரர்கள் வாயடைத்துப்போனார்கள். அந்தப் பெருமை பத்து நிமிடம் நீடித்தது, பிறகு கோல் விழத் தொடங்கிவிட்டது. இரண்டாவது கோல் விழுந்த சமயம் சாலையோரம் ஒரு கார் வந்து நின்றது. மேனேஜரின் கார். அந்த வாரம் வந்திருந்த பப்பாளித் துரைக்குப் புக்கிட் மெலாவத்திக் குன்றில் பீரங்கியையும் குரங்குகளையும் காட்டிவிட்டு, மீன் சாப்பாட்டுக்கு அழைத்துப்போகிற வழி. துரை கண்ணில் கொக்குகள் பட்டுவிட்டன. மனுஷன் காரிலிருந்து குதித்து இறங்கினார். கழுத்தில் தொங்கிய, அப்போதே படம் வருகிற கேமராவால் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் படம் எடுத்தார். தன் கம்பெனி இந்த ஊர் வரைக்கும் வந்துவிட்டதே என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் செண்டோல் ஐஸ் விற்கிற வண்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். காரை விட்டு இறங்காத மேனேஜர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பசியாறப் போனபோது அந்தப் படம் வரைபடத்துக்குக் கீழே ஒட்டியிருந்தது. மலேசியா அந்த வரைபடத்தில் இல்லை என்பதால் துரை அதன் ஓரத்து வெள்ளையில் ஒரு சிவப்பு ஊசி குத்தியிருந்தார். பெண்கள் எல்லாம் கூடி நின்று சிரித்தார்கள். தவமணியும் சிரித்துக்கொண்டே கிட்டப் போனாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைத் தேடினாள். அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

சாப்பாட்டு வேளையில் மேனேஜர் எங்கள் லைனை அப்படியே நிற்கவைத்தார். துரை அப்போது வேறொரு பக்கம் இருந்தார். பிஸ்கட் டின்னை மேசைமேல் கவிழ்த்தார்கள். வெட்டியதாகக் கையெழுத்துப் போட்ட கொக்குகளில் பதினொன்று அதில் இல்லை.

"வெட்டியதைப் பார்த்தாயா?" என்று மேனேஜர் மலாயில் கேட்டார்.

"பார்க்கல. பார்க்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றாள் தவமணி, அவளும் மலாயில்.

"யாருடைய மெஷினிலிருந்து போன கொக்கு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் வாய் திறந்திருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்தவளாக நின்றேன். வேலை போய்விடும் என்கிற பயம், போலீஸ் வரும் என்கிற பயம், சேகர் பெயர் வெளியே வந்துவிடுமோ என்கிற அசட்டுப் பயம். தவமணி சொன்னாள், "லைன் என் பொறுப்பு. கையெழுத்து என்னுது. வேற யாரையும் கேக்க வேணாம்."

அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கையில் கட்டியிருந்த லீடர் பட்டையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் பேச்சு அதோடு முடிந்தது. கல் வீடும் முடிந்தது. மறுநாளிலிருந்து அவள் பழையபடி கழுத்துப் பட்டை தைத்தாள், ஒன்றுகூடக் கோணவில்லை. பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். ஊர்ப்பட்ட கதை பேசினாள், அதைத் தவிர. நான் ஒரு தடவை, "தவமணி, நான்..." என்று இழுத்தேன். "ஜன்னலச் சாத்துடி, தூசி அடிக்குது," என்று சொல்லிவிட்டாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், காலையில், லயத்து வாசலில் லோரி வந்து நின்றது. கட்டில், அம்மிக்கல், சாமி படங்கள், மங்கு, சட்டி பானை எல்லாம் ஏறின. அவள் அம்மாவை இரண்டு பேர் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். அந்த அம்மாள் வீட்டு வாசற்படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தவமணி பின்னால் சாமான்களோடு ஏறி, சுருட்டிய பாய்மேல் உட்கார்ந்தாள். நான் லோரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள்தான் கேட்டாள்.

"அன்னிக்கி ஆட்டத்துல யாருடி ஜெயிச்சா? நான் கேக்கவே இல்ல."

"தோத்துட்டோம்," என்றேன். "நாலு கோல்."

"நாலா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட பாவி, அதுக்கா முழுக் கொக்கு?"

லோரி கிளம்பிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டேதான் போனாள். நான்தான் நடுரோட்டில் நின்று அழுதேன்.

ஒன்பதாவது லைன் சொன்னபடி தொடங்கியது. யாரையாவது சூப்பர்வைசர் ஆக்க வேண்டும், வேலை தெரிந்த பழைய ஆளாக இருக்க வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. என் அம்மா மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். நாங்கள் அந்தக் கல் வீட்டுக்குக் குடிபோனோம். குழாயைத் திருகினால் சமையலறையிலேயே தண்ணீர் வந்தது. முதல் நாள் அந்தத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு நான் வெகுநேரம் குழாயை மூடாமலே நின்றேன். ஐந்து வருடம் அங்கே இருந்தேன், ஒரு நாள்கூட அது என் வீடு என்று தோன்றியதில்லை. சேகர் விஷயம் கேட்கிறீர்களா? அடுத்த ஆவணியில் அவருக்கு சுங்கை ஆயர் தாவாரில் பெண் பார்த்துக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். நல்லவேளை, மனுஷன் கொக்குச் சட்டை போடவில்லை.

தெலுக் இந்தானுக்குத் தீபாவளி தவறாமல் வாழ்த்து அட்டை அனுப்பினேன். உள்ளே 'அன்புடன்' என்று எழுதிப் பெயர் போடுவேன். உண்மையை எழுத அட்டையில் இடம் போதாது என்று சாக்கு. முதல் மூன்று வருடம் அவளிடமிருந்து பதில் அட்டை வந்தது. பிறகு நின்றுவிட்டது. என் அட்டை ஒன்று, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று இன்னொருத்தி சொன்னாள். நான் தேடியிருக்கலாம். கல்யாணமாகி செரண்டாவுக்கு வந்தேன், பிள்ளைகள் பிறந்தார்கள், தேடவில்லை.

இப்போது அந்தப் பேக்டரியும் இல்லை. ஆர்டர்கள் கூலி குறைந்த நாடுகளைத் தேடிப் போய்விட்டன. கடைசிக் காலத்தில் பப்பாளித் துரை வருவதில்லை, ஃபேக்ஸ்தான் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. கட்டடத்தை மேசை நாற்காலி அடுக்கி வைக்கிற கிடங்கு ஆக்கிவிட்டார்கள். எங்கள் லயம் இருந்த இடத்தில் தாமான் வந்துவிட்டது, கேட் போட்ட இரண்டு மாடி வீடுகள். பலகை விரிசல் வழியாகச் சீப்பு வாங்குகிற ஊர் இனி எங்கேயும் கிடையாது. அத்தனை ஊசி குத்திய அந்த அமெரிக்கக் கம்பெனி என்ன ஆனது என்று பண்டல் கடையிலேயே கேட்டேன். கவிதா போனில் தட்டிப் பார்த்தாள்.

"மூடிட்டாங்கம்மா. எப்பவோ. அதனாலதான் இதுக்கு இவ்ளோ டிமாண்ட்."

நான் அந்த நீலச் சட்டையின் கழுத்துப் பட்டையைத் தடவினேன். கொஞ்சம் கோணியிருந்தது. தவமணி தைத்தது இல்லை. கொக்கு நேராக நின்றது, அது நான் தைத்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாங்கிக்கொள் என்றேன். பணம் கட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கவிதா பெருமையோடு சொன்னாள்.

"இந்தச் சட்டை செஞ்ச பேக்டரியில எங்கம்மா சூப்பர்வைசர், தெரியுமா? அந்தக் காலத்துலயே லா."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகச் சிரித்தாள். எத்தனையோ முறை, எத்தனையோ பேரிடம் என் பிள்ளைகள் இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நானும் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கோணிய பட்டை இன்னும் விரலிலேயே இருந்ததாலோ என்னவோ, சிரிப்பு வரவில்லை.

"நான் கொக்கு தைக்கிறவ," என்றேன். "சூப்பர்வைசர் தவமணிதான்."

கவிதா திரும்பிப் பார்த்தாள். "யாரும்மா தவமணி?"

பேக்டரிக் கதை ஆயிரம் சொல்லி நான் வளர்த்த பெண். பப்பாளித் துரை தெரியும், ரோஹானி தெரியும், சும்மா சட்டை தெரியும், நாலு கோல் வாங்கிய ஆட்டம்கூடத் தெரியும். அந்தப் பெயர் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.